அக்கா இருந்தது விரதமல்ல

எங்கள் அக்கா பாப்பாரப்பட்டியில், ராகியும் கடலையும் விளைவித்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்து அரூரில் வாழ்க்கைப்பட்டவர். மாமா இளவயதில் தவறிய பிறகு தையல் மெஷினை நம்பி இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். நல்ல சாப்பாட்டுப் பிரியர். விரதமிருக்கும் என்னை, "வயித்தக் காயப்போட்டா சாமி எறங்கி வந்துடுமா பாப்பா?" என்று கிண்டல் செய்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு அடிக்கடி வயிறு உப்பி வாந்தி வந்தது. வாயுத் தொல்லை என்றே நினைத்தோம். சேலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர், சிறுகுடல் முழுவதையும் தடித்த வெள்ளைச் சவ்வு ஒன்று மூட்டை கட்டியதுபோல் சுற்றியிருந்ததாகச் சொன்னார். அரிதான நோயாம். சவ்வைப் பிரித்தெடுத்த சில நாட்களில் குடல் ஓரிடத்தில் கசிந்தது. மறுபடியும் திறந்து, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தினார்கள். மலம் தண்ணீராக அதில் இறங்கும். குடல் ஒட்டிப்போயிருந்ததால் திரும்ப உள்ளே இணைக்க முடியவில்லை.

"வெளிய யாருக்கும் சொல்லாத பாப்பா" என்றார். சொல்லவில்லை.

அதன்பின் அக்காவே விரதமிருக்கத் தொடங்கினார். காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் முந்தின நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். உறவினர்கள் அவர் காலில் விழுந்து ஆசி வாங்கினார்கள். நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

என் மகளின் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் அக்கா மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "இந்தப் பை வச்சவங்களுக்கு உப்பும் தண்ணியும் வெளிய போய்க்கிட்டே இருக்கும்ங்க. குடிக்காம இருக்கலாமா? கிட்னி ரெண்டும் கெட்டுப்போச்சுங்க" என்றார்.

"அக்கா விரதம்ங்க" என்றேன்.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வெரதமெல்லாம் இல்ல பாப்பா. பை நெறஞ்சா பொடவ மேல துருத்திக்கும். நாத்தம் வந்துட்டா, சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னால ஒனக்குல்ல அசிங்கம்?"

அந்த வாரமே போய்விட்டார்.

அக்காவின் இந்த முதலாண்டு நினைவு மலரில் தம்பி "விரத நெறி வழுவாதவர்" என்று ஒரு வரி சேர்த்திருந்தான். அந்த வரியை அடித்துவிட்டேன். "உள்ளத எழுதுனா மானம் போயிடும்க்கா" என்றான். எனக்கும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு வாய் தண்ணீரைவிட என் சபை மரியாதை பெரிதென்று அக்காவை நினைக்க வைத்திருந்தேனே, அந்த வெட்கத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

இந்த ஓராண்டாக எங்களைத் தாங்கிய உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் நன்றி. கடைசி நாட்களில் பை மாற்ற எனக்குக் கற்றுக்கொடுத்த நர்சம்மாவுக்குத் தனி நன்றி. அதுவரை அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் மாற்றினார்.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி ஒரு பை இருக்கலாம். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வாருங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள். பை நிறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு மாற்றத் தெரியும்.