இரண்டு கன்னத்திலும் ஒரே சிவப்பு

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, மாலை மூன்று ஐம்பது. மழை இல்லை, காற்றும் இல்லை; மாடம்பாக்கத்தில் வெயில் முப்பத்திரண்டு டிகிரி. பள்ளி வேனிலிருந்து இறங்கிய என் பேத்தியின் இரண்டு கன்னங்களும் யாரோ ஓங்கி அறைந்ததுபோல் சிவந்திருந்தன. ஏழு வயதுக் குழந்தை.

"மிஸ் அடிச்சாங்களா?"

"இல்ல தாத்தா."

பயத்தில் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். இடது கன்னத்தில் மூன்று விரல் தடங்களைக்கூட எண்ணி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு அவளை அழைத்துக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. "சார், கிளாஸ்ல இன்னும் மூணு பேருக்கு இதே மாதிரி செவந்திருக்கு. நாலு பேரையும் நானே அறைஞ்சேன்னு எழுதிக்குங்க. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

தாம்பரத்தில் எங்கள் குழந்தை மருத்துவர் அவளுடைய சட்டைக் கையை மடித்துவிட்டார். முன்கையெல்லாம் மெல்லிய வலை விரித்தாற்போல் சிவப்பு. "அடி இல்ல சார், வைரஸ். 'பார்வோ வைரஸ்'னு பேரு. இருக்கிறதுலயே ரொம்பச் சின்ன வைரஸ்கள்ல ஒண்ணு. தானா போயிடும்." நிம்மதியாக எழுந்தேன். சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல யாராவது கர்ப்பமா இருக்காங்களா?"

என் மருமகளுக்கு அன்று பத்தொன்பது வாரமும் இரண்டு நாளும்.

உட்கார்ந்துவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சிவப்பணுக்களை உண்டாக்கும் செல்களுக்குள்தான் அந்த வைரஸ் புகுமாம். சில நாட்களுக்கு உற்பத்தி நின்றுபோகும். நம் சிவப்பணு நூற்றிருபது நாள் உயிரோடு இருக்கும் என்பதால் நமக்கு அந்தக் குறை தெரிவதில்லை. தாய்க்குத் தொற்றினால் கருவுக்கும் போகலாம்; கருவின் கணக்கு வேறு. வளர வளர அதற்கு ரத்தம் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ரத்தசோகை, இதயம் திணறும், உடம்பில் நீர் கோக்கும். எல்லாருக்கும் அப்படி ஆகிவிடாது என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை.

"இனிமே அவளைத் தனியாப் படுக்க வெச்சிடறேன் டாக்டர்."

"கன்னம் செவக்கிறப்போ தொத்துற காலம் முடிஞ்சிடும் சார். அதுக்கு முன்னாடி சளி, காய்ச்சல் மாதிரி இருக்குமே, அப்பதான் பரவும்."

எல்லாவற்றையும் குறித்து வைக்கும் என் நோட்டில் போன வாரக் காய்ச்சலும் இருந்தது: 99.6. சாதாரணச் சளி, டாக்டர் வேண்டாம் என்று சொன்னவன் நான். தினமும் என் அறையில் படுப்பவளை, எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவள் அம்மாவிடம் அனுப்பியவனும் நான். ஆறு இரவுகள்.

மகன் மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தான்; போன் லாக்கரில். நானே மருமகளிடம் சொன்னேன். அவள் வயிற்றில் கை வைத்தபடி கேட்டாள். "நான்தானே மாமா அவளைக் கட்டிக்கிட்டு படுத்தேன்? நீங்க ஏன் அழறீங்க? வாங்க, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்."

முடிவு வெள்ளிக்கிழமை என்றார்கள். நடுவில் இரண்டு முழு நாட்கள். அவள் எழுந்தால் எழுந்தேன், அவள் சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிடவில்லை.

"அசையுதாம்மா?"

"காலையிலேர்ந்து பதினோரு தடவை கேட்டுட்டீங்க மாமா. உள்ள இருக்கிறது உங்க பேரப்பிள்ளைதான், அதுவும் எண்ணிக்கிட்டிருக்கும்."

சிரித்தாள். ஆனால் நான் கேட்காதபோதும் அவள் கை வயிற்றிலேயே இருந்ததைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்கு மகப்பேறு மருத்துவர் அறிக்கையைப் படித்தார். "பழைய எதிர்ப்புச் சக்தி இருக்கு. புதுத் தொற்று இல்ல. சின்ன வயசுலயே வந்து போயிருக்கும், பயமே வேண்டாம்." முடிச்சூரிலிருந்து சம்பந்தியம்மா போனில் சொன்னார்: "ஒண்ணாங் கிளாஸ்ல ரெண்டு கன்னமும் செவந்துகெடந்தா. கண்ணு பட்டிருக்குன்னு மொளகா சுத்திப் போட்டேன்." அது இதுதானா, யாருக்குத் தெரியும்.

"ஸ்கேன் தேவையில்ல சார்" என்றார் மருத்துவர். எனக்குத் தேவைப்பட்டது. திரையில் ஒரு புளியங்கொட்டையளவு இடம் துடித்துக்கொண்டே இருந்தது: நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தாறு. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கொடுத்த அரை கிலோ மைசூர்பாகையும் சேர்த்து, இந்தச் சிவப்புக்கு ஆன செலவு மொத்தம் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.