ஐந்து வாட்டா, ஐம்பது வாட்டா?

“இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?” என்று கேட்டபடி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்முன் வில்லையை மாற்றுகிறார் மாமா. தயங்கினால் அவருக்குப் பிடிக்காது. யோசிக்காமல் பட்டென்று சொல்லச் சொல்வார். நாலு நிமிடத்தில் ஒரு ஜோடிக் கண்ணின் தலையெழுத்தை முடிவு செய்கிற இந்தக் கண்ணாடிக் கடைக்காரர்தான், தன் மனைவியின், அதாவது என் அக்காவின், வண்டிக்கு ஒரு ரேடியோ வாங்க எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா கால்நடை மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு மலைப் பண்ணைகளுக்குப் போகிறாள். இரண்டாவது வளைவு தாண்டினால் கைபேசி வெறும் டார்ச் லைட்தான். மாமாவோ அமெச்சூர் ரேடியோ பைத்தியம்; உரிமம் வாங்கி, காற்றலையில் ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுகிற பொழுதுபோக்கு அது. வீட்டு அறையில் ஒரு செட், மாடியில் ஆன்டெனா. வண்டியிலும் ஒன்று இருந்தால் கவலையே இல்லை என்று ஆரம்பித்ததே அவர்தான். அவர் பேச்சைக் கேட்டு அக்கா தேர்வு எழுதி, அவரைவிட அதிக மதிப்பெண்ணோடு உரிமமும் வாங்கிவிட்டாள். செட் மட்டும்தான் பாக்கி.

கையடக்க செட் என்றால் மாட்டுக் கொட்டகைவரை இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். ஆனால் ஐந்தே வாட். வண்டியின் தகரத்துக்குள் இருந்து பேசினால் பாதி அங்கேயே செத்துவிடும். வண்டியில் பொருத்துகிற செட் ஐம்பது வாட், மலையைத் தாண்டிப் பேசும். ஆனால் கூரையில் ஆன்டெனா வைக்க வேண்டும், பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. இந்த ஆறு வரியை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். அத்தனை தடவை கேட்டாயிற்று.

டாஷ்போர்டை மூன்று முறை அளந்திருக்கிறார். ரேடியோ நண்பர்கள் ஏழு பேரிடம் கேட்டு, எட்டு விதமான பதில் வாங்கியிருக்கிறார். இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று நான் கத்தினால், “இதெல்லாம் அவசரப்படற விஷயமா மச்சான்? அவ உயிர் சம்பந்தப்பட்டது” என்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். “ரெண்டுல எதையாவது வாங்குங்க. இல்லன்னா ஒரு புறாவாவது வாங்கிக் குடுங்க.”

போன செவ்வாய்க்கிழமை மலைப்பாதையில் மண் சரிந்து, அக்கா மூன்று மணி நேரம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டாள், அது வேறு. ஆனால் மத்தியானம் மண் சரிந்த செய்தி கேட்டு நான் விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியபோது அது யாருக்குத் தெரியும்? மாமா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து, வீட்டு செட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். உரிமத்தோடு அக்காவுக்குக் கிடைத்த, காற்றலையில் பெயருக்குப் பதிலாகச் சொல்கிற அழைப்புக்குறியை, இதுவரை யாரும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டிராத அந்த எழுத்துகளை, ஒவ்வொன்றாக மைக்கில் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கேக்குதாம்மா? எங்க இருக்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வண்டியிலதான் செட்டே இல்லையே மாமா” என்றேன்.

பேசாதே என்று என் பக்கம் கையை உயர்த்திவிட்டு, ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கரில் காதை வைத்தார்.