இருவாச்சி பறந்த சத்தம்

கிள்ளானை அடுத்த மேரு என்ற சிற்றூரில், என் அக்காள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் அத்திமரம் நின்றது. இன்று அங்கே மரமும் இல்லை, காடும் இல்லை. அந்த அத்தி பழுத்திருந்த ஒரு காலையில்தான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். மேட்டில் ஏறும் ரயில் மூச்சு வாங்குவதுபோல் வானத்தில் ஓர் இரைச்சல். நிமிர்ந்து பார்த்தேன். கரிய சிறகை விரித்துக்கொண்டு ஓர் இருவாச்சிப் பறவை தலைக்குமேல் போயிற்று. வெறும் சிறகடிப்பில் இத்தனை ஓசையா என்று, அது மறையும்வரை பார்த்து நின்றேன்.

பக்கத்தில் நின்ற என் கணவருக்கு அது கேட்கவில்லை. அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தோம். ரயில்வே பட்டறையில் கொதிகலனுக்கு ஆணி அறைந்து அறைந்தே அவர் காது பெரும்பாலும் போயிருந்தது. சீமைக்குத் திரும்பிய இன்ஜினியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கேமரா அவரிடம் இருந்தது. கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் பெரிய பெட்டி. கல்யாண வீடுகளில் ஆட்களை அசையாமல் உட்காரவைத்தே படமெடுத்துப் பழகியவருக்கு, பறக்கும் இருவாச்சியை எடுத்தே தீரவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

ஞாயிறுதோறும் ரயிலேறி மேருவுக்குப் போனோம். அவர் பெட்டியைத் திருப்புவதற்குள் பறவை மரங்களுக்கு அப்பால் மறைந்துவிடும். தகட்டைக் கழுவிப் பார்த்தால் வெறும் வானம். ஒருமுறை வால் மட்டும். பழமோ தீர்ந்துகொண்டிருந்தது. அது தீர்ந்தால் பறவைகள் வேறு காட்டுக்குப் போய்விடும்.

"என் கண்ணுல படும்போதே அது போயிடுது," என்றார்.

"நான் கேட்டுச் சொல்றேன்," என்று அவர் காதருகே உரக்கச் சொன்னேன்.

"பெட்டிக்குள்ள குனிஞ்சுட்டா நீ சொல்றதும் எனக்குக் கேக்கணுமே."

"வாயால சொல்லல. தோள்ல கை வைக்கிறேன். அது வர்ற பக்கமாத் திருப்புறேன். கிட்ட வந்ததும் தட்டுறேன்."

அடுத்த ஞாயிறு அவர் பெட்டியின் கறுப்புத் துணிக்குள் குனிந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்தில் இரைச்சல் எழுந்தது. அவரை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். சத்தம் நெருங்கி, நெருங்கி, என் நெஞ்சுக்குள்ளேயே அடிப்பதுபோல் ஆனபோது தட்டினேன்.

மறுநாள் கழுவிய தகட்டின்மேல் படம் பதியும் தாளை வைத்து வெயிலில் காட்டினோம். பறவை மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. சிறகு முழுதாக விரிந்திருந்தது. இறகுக்கும் இறகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"இங்க பாரு, சந்து சந்தா இருக்கு," என்று விரலால் தொட்டுக் காட்டினார். "காத்து இதுக்குள்ள பூந்து வருதுபோல. அதான் நீ சொன்ன சத்தம்."

காதால் கேட்ட எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"எப்படி இருக்கும்னு செஞ்சு காட்டு," என்றார்.

அவர் காதோடு வாயை வைத்து, எனக்கு வந்த மட்டும் அந்தச் சிறகடிப்பை ஊதிக் காட்டினேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னொரு தடவை," என்றார்.