நாச்சியார் நோன்பு திறந்த தண்ணீர்

கதீஜா நாச்சியார் காலமான செய்தியைப் பழவேற்காட்டிலிருந்து வந்த படகுக்காரர்தான் கொண்டுவந்தார். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். "நாச்சியாரம்மா போயிட்டாங்க. சாயங்காலம் அடக்கம்," என்றார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே படகில் ஏறினேன்.

எங்கள் கோட்டைக்குப்பத்துப் பெரியவர்களுக்கு நாச்சியாரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கிணறு வந்த பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒல்லாந்தர் கப்பல்களுக்குத் துணி ஏற்றி அனுப்பிய வணிகரின் மனைவி அவர். கணவர் இறந்த பிறகு, எங்கள் குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைக்கலாம் என்று வந்தார். என் அம்மா நாகம்மா ஏரிச் சேற்றில் கையால் இறால் பிடிப்பவள். அவள்தான் வாய் திறந்தாள்.

"பள்ளிக்கூடம் நல்லதுதாம்மா. ஆனா பொட்டப்புள்ளைங்க தண்ணிக்குப் போனா உச்சி வெயில்லதான் திரும்புதுங்க. யாரு வந்து படிக்கிறது?"

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிநீருக்குப் படகில் அக்கரை போக வேண்டும். நாச்சியார் சற்று யோசித்தார். "அப்ப கிணறுதான் மொதல்ல," என்றார்.

முதலில் தோண்டிய குழியில் உப்புத் தண்ணீர்தான் ஊறியது. அவரே வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். "இங்க இல்லைனு தெரிஞ்சுபோச்சு. மேட்டுல பாப்போம்." தாழம்புதர் ஓரமிருந்த மணல்மேட்டில் நல்ல தண்ணீர் கிடைத்தது.

கிடைத்ததும் வேறு சிக்கல். கடலுக்குப் போகும் படகுக்காரர்கள், கையால் இறால் பிடிக்கும் நாங்கள் கயிற்றைத் தொடக் கூடாது என்றார்கள். அவர்கள் இறைத்து ஊற்றும்வரை அம்மா குடத்தோடு நிற்பாள். என் நைனா பொறுக்க முடியாமல் அம்மாவிடம், "வா, பழையபடி அக்கரைக்கே போலாம்," என்றார்.

அது நோன்பு மாதம். விஷயம் காதுக்கு எட்டியதும் நாச்சியார் பிற்பகலிலேயே வந்து கிணற்றோரம் உட்கார்ந்தார். யாரிடமும் வாதாடவில்லை. ஏரிக்குள் சூரியன் இறங்கும் நேரம், படகுக்காரர்களின் நாட்டாமை தானே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வெச்சுடுங்க தம்பி," என்றார் நாச்சியார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "நாகம்மா, நீ இறைச்சுக் குடு. அதுலதான் நோன்பு தொறக்கணும்," என்றார்.

அவர் உதடுகள் வறண்டிருந்தன. சூரியன் முழுதாக மறைந்துவிட்டது. அம்மா அசையாமல் நின்றாள். கடைசியில் நாட்டாமையே கயிற்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "இறைம்மா. நோன்பு இருக்கறவங்களக் காக்க வெக்கக் கூடாது."

நாச்சியார் குடித்துவிட்டு, கையிலிருந்த பேரீச்சம்பழத்தைப் பிய்த்து நாட்டாமைக்கும் அம்மாவுக்கும் கொடுத்தார். மாதம் முடியும்வரை மாலைதோறும் வந்தார். எங்கள் தெருப் பெண்கள் மாறி மாறி இறைத்துக் கொடுத்தார்கள். நோன்புப் பெருநாள் வந்தபோது கிணற்றடியில் யாரும் யாரையும் தடுக்கவில்லை.

அதன் பிறகுதான் பள்ளிக்கூடக் கொட்டகை எழுந்தது. நானும் போனேன். தம்பி பிறந்ததும் நின்றுவிட்டேன். அம்மா ஏரிக்குப் போனால் அவனைப் பார்க்க ஆளில்லை. ஒருநாள் நாச்சியார் எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றார். ஏன் வரவில்லை என்று அதட்டவில்லை. "இன்னா தடங்கல்?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "அவனையும் தூக்கிக்கினு வா. அழுதா அழட்டும்."

தம்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் எழுத்துப் படித்தேன். அவன் அழுதபோதெல்லாம் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அதுவும் நாச்சியார் சொல்லிவைத்ததுதான் என்று பின்னால் தெரிந்தது. இன்று அந்தக் கொட்டகையில் நான் சொல்லித் தருகிறேன்.

அடக்கம் முடிந்து ஊர்ப் பெண்களோடு அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, நன்றியைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. அழுகைகூட வரவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளையைக் கோபிக்காமல் வீடு தேடிப் போவதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன், அதை விடமாட்டேன்.

மறுநாள் காலை என்னிடம் படிக்கும் பொன்னி பள்ளிக்கு வரவில்லை. பாடம் முடிந்ததும் அவள் குடிசையைத் தேடி நடந்தேன்.