பதினோராந் தரத்தை ஊக்கப்படுத்தியது

எங்கள் தொழிலில் பாடம் தெரியாவிட்டால்கூடச் சமாளிக்கலாம். பிள்ளைக்கு விருப்பம் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஊக்கப்படுத்தல் பற்றிய கருத்தரங்கில் நாள் முழுக்க இருந்துவிட்டு, குறிகட்டுவான் இறங்குதுறையில் தீவுப் படகுக்குக் காத்து நிற்கும் சக ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெடுந்தீவில் என் கணித வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார இரண்டு வாங்குகள் போதும். இன்னும் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். அதனால் கருத்தரங்கில் சொன்ன கோட்பாடுகளை ஒழுங்காகவே கடைப்பிடித்தேன்.

வெகுமதி

சரியான விடைக்குச் சுவரில் பெயருக்கு நேரே ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டினேன். சில கிழமைகளுக்குள் டிலானியின் பெயருக்கு நேரே சுவரில் இடமில்லை. மற்றவர்கள் கை உயர்த்துவதை விட்டுவிட்டார்கள். பின் வாங்கில் இருக்கும் சுதனிடம் எளிய கணக்கொன்றைக் கேட்டேன். அவன் எழும்பாமலே சொன்னான்:

"வெள்ளி வாங்கிற ஆளைக் கேளுங்கோ சேர்."

இலக்கு

ஐந்து வருடத்தில் என்னவாக இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னேன். கொழும்பு, லண்டன், கனடா என்று வந்தது. சுதனின் தாள் வெறுமையாக இருந்தது. தகப்பன் இல்லை, வீட்டில் தாயும் அவனும் மாடுகளும்தான். மாடு வளர்ப்பதும் இலக்குத்தானே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது இப்பவே செய்யிறன் சேர்."

பாராட்டு

பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் டிலானியைப் புகழ்ந்தேன். தகப்பன் கடற்றொழிலாளி, தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். திங்கட்கிழமை அவர் பாடசாலை அதிபரின் கதிரைக்கு முன்னால், மகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடுகைப்பத்திரம் கேட்டு நின்றார். யாழ்ப்பாணத்தில் தங்கை வீடு இருக்கிறதாம். இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளை வைத்திருப்பதில்லை, படகேற்றிவிடுவார்கள். சோதனை வரைக்குமாவது பொறுக்கச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் சொன்னபடியாத்தான் சேர் எனக்குத் துணிவு வந்தது."

தானாக வரும் விருப்பம்

கோட்பாடுகளில் உயர்ந்தது இதுதான் என்கிறார்கள். டிலானி போன பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சுதன் மட்டும் கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிறுவிக்கொண்டிருந்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒரு பிழையும் இல்லை. வாசலில் என்னைக் கண்டதும் உள்ளங்கையால் அவசரமாக அழித்தான். அவனுக்கு வவுனியாவில் ஒரு மாமி உண்டு. வருகிற கிழமை மறுபடியும் பெற்றோர் கூட்டம்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ சேர். தான் தனிய இருந்தெண்டாலும் என்னை அனுப்பிப்போடுவா."

பிள்ளைக்கு ஊக்கம் வரச்செய்யும் வழிகள் பல உண்டு. வந்ததைக் காட்டிக்கொடுக்காமல் கற்பிக்கும் வழியைத்தான் இப்போது நானாகவே படித்துக்கொண்டிருக்கிறேன்.