அம்மாவுக்குப் படித்துக் காட்டாத மெயில்

அப்பா சவுதியில் பாலைவனத்துக்குள் இருந்த ஒரு முகாமுக்கு வேலை மாறிப் போனதும், வாராவாரம் வந்துகொண்டிருந்த போன் நின்றுபோனது. அங்கே டவர் கிடையாதாம். விடுமுறையில் ஊருக்கு வந்த அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரு துண்டுச்சீட்டில் மெயில் முகவரியைக் கொண்டுவந்து தந்து, வெள்ளிக்கிழமைகளில் அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்ப்பார் என்றார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள், ஏழாம் வகுப்பில் படித்த நான். பள்ளிக்கூடத்தில் அதில் ஒரு வீடும் தென்னை மரமும் வரைந்து வண்ணமடித்திருக்கிறேன். அதற்குமேல் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னைப் புதுக்கடை ஜங்ஷனில் இருந்த இன்டர்நெட் சென்டருக்கு அழைத்துப்போனாள். அதை நடத்திய அக்கா மெயில் தொடங்கிக் கொடுத்துவிட்டு, தானே அடித்துத் தரட்டுமா என்று கேட்டாள். பிள்ளைக்கே தெரியும் என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாக. அவள் சொல்லச் சொல்ல எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். அவள் பத்துச் சொன்னால் என் விரலுக்கு ஒன்றுதான் எட்டியது.

அனுப்பிய சற்று நேரத்தில் ஒரு மெயில் வந்தது. அப்பாவிடமிருந்து அல்ல. முழுக்க இங்கிலீஷ். அதில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், ‘ஃபெயில்’. நான் செய்த தப்பைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

“என்ன எழுதியிருக்கு மக்கா?”

“ஒண்ணுமில்லம்மா.” அவசரமாக அதை மூடினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் கண்ணில் படாமல் நடமாடினேன். சோறு குழைந்தது. வாங்கிய பிச்சிப்பூவைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டாளி வீட்டுக்கு இரண்டு தடவை போய்வந்தாள். என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது கேட்பாள், எப்போது அடிப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா நேரே அந்த அக்காவிடம் போனாள்.

“பிள்ளை வாசிச்சுட்டுச் சொல்ல மாட்டேங்குது. நீ வாசி மோளே. என்னவானாலும் உள்ளதச் சொல்லு.”

நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாள். அக்கா போன வாரம் வந்த மெயிலைத் திறந்து படித்தாள், சீட்டை வாங்கிப் பார்த்தாள். முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போனதால் மெயில் போகாமல் திரும்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றாள்.

“அவியளுக்கு ஒண்ணும் இல்லியே?” அம்மா அப்பாவைப் பற்றித்தான் கேட்டாள்.

அக்கா புள்ளி வைத்து மறுபடி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. சுகமாக இருக்கிறேன், ஏன் இத்தனை நாள் ஒன்றும் எழுதவில்லை என்று அப்பா கேட்டிருந்தார்.

நான்தான் தப்பாக அடித்தேன் என்று சொல்லி, அடி விழும் என்று தலை குனிந்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதையா மக்கா எங்கிட்ட மறைச்ச?”

என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சென்டரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, சத்தமாக அழுதாள். ஒரு புள்ளிக்காக ஒரு பெரிய மனுஷி இப்படியா அழுவாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.