ஏழு வரை துடைத்தவர்

ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து, பட்டுச்சேலை கசங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் அந்த அக்கா. திருமங்கலத்தில் கல்யாணமாம். பஸ் கிளம்பியதுமே தூசி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் 73939133 என்று எழுதினார்.

“இது பகா எண். ஒண்ணையும் இதையும் விட்டா எதாலயும் மீதியில்லாம வகுபடாது. இப்ப வாலை நறுக்குறேன், பாருங்க!”

கைக்குட்டையால் கடைசி இலக்கத்தைத் துடைத்தார். 7393913. “இதுவும் பகா எண்!” இன்னொன்றைத் துடைத்தார். “இதுவுந்தான்!” ஒவ்வொரு முறையும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது.

“அக்கா, திருமங்கலம் வந்திருச்சு, எறங்குங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

கண்ணாடியில் 739 மிச்சம் இருந்தது. “இருங்கண்ணே, இன்னும் ரெண்டுதான்!”

விசிலை வாயில் வைத்தபடியே கண்டக்டரும் எட்டிப் பார்த்தார். 73. அப்புறம் 7. பஸ்ஸே கைதட்டியது.

கீழே இறங்கியவர் ஜன்னலைத் தட்டினார். “அந்த எட்டு இலக்கத்துக்குப் பின்னால ஒன்பதாவதா ஒரு இலக்கம் பகா எண் கெடாம ஒட்டுமா, போட்டுப் பாருங்க!”

செல்போனில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. நிமிர்ந்தபோது நான் இறங்க வேண்டிய ஊர் எப்போதோ போயிருந்தது. ஒட்டாது என்பது அந்த அக்காவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?